வயிறும் மனமும் : நாட்பட்ட குடல் நோயோடு நிம்மதியாக வாழ்வது எப்படி?

நம் சங்க மலரில் கல்வெட்டு, காப்பியம், ஊர்ப்பெயர் ஆய்வு என்று அறிஞர் பெருமக்கள் எழுதுவார்கள். நானும் முன்பு இதே பக்கங்களில் கீழ்க்கணக்கு நூல்களைப் பற்றி எழுதியதுண்டு. இம்முறை வயிற்றைப் பற்றி எழுதுகிறேன் என்று மலர்க் குழுவினரிடம் சொன்னபோது முதலில் சிரித்தார்கள். அப்புறம் ஒருவர் தனியாக வந்து, "ஐயா, கட்டாயம் எழுதுங்க, எனக்கும் அந்தத் தொல்லை இருக்கு, யாரிடமும் சொன்னதில்லை" என்றார். அந்த ஒரு சொல்லுக்காகவே இந்தக் கட்டுரை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மருத்துவன் அல்லன். 1983 முதல் அகமதாபாத்தில் ஏலம், மிளகு, சுக்கு வாங்கி விற்கும் வியாபாரி. வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்து நயினார் குடும்பம். படித்தது பள்ளி இறுதி வரை. மற்றதெல்லாம் கடைத் திண்ணையில் உட்கார்ந்து நானாகப் படித்தது. ஆனால் இந்த நோயோடு பதினான்கு ஆண்டுகளாகக் குடித்தனம் நடத்தி வருகிறேன். பட்டதையும் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். மருந்து மாத்திரை விஷயத்தில் உங்கள் டாக்டர் சொல்வதே முடிவு.

நோயின் பெயர்

2011இல் ஒரு கல்யாண விருந்துக்குப் போய்வந்த பிறகு கடுமையான வயிற்றுப்போக்கு, காய்ச்சல். ஒரு வாரத்தில் காய்ச்சல் போயிற்று. வயிறு மட்டும் பழைய நிலைக்கு வரவில்லை. காலையில் நாலு முறை ஓட வேண்டும். சில நாள் இரண்டு நாள் வரை ஒன்றுமே போகாது. வயிறு உப்பி, முறுக்கி வலிக்கும். போய்வந்தால் சற்றுக் குறையும். ரத்தம், மலம், ஸ்கேன், குழாய் விட்டுப் பார்ப்பது எல்லாம் ஆயிற்று. ஒரு மருத்துவர் காகிதங்களைத் திருப்பித் தந்து, "உங்களுக்கு ஒன்றும் இல்லை, எல்லாம் டென்ஷன்" என்று அனுப்பிவிட்டார். ஒன்றும் இல்லை என்றால் ஏன் வலிக்கிறது என்று கேட்கத் தெரியாமல் வெளியே வந்தேன்.

இரண்டு ஆண்டு கழித்து வேறொரு மருத்துவர்தான் உட்கார வைத்துப் பெயர் சொன்னார்: ஐ.பி.எஸ். தமிழில் எழுதினால் காவல்துறை அதிகாரியின் பட்டத்துக்கும் இதற்கும் ஒரே எழுத்து! எரிச்சல் குடல் நோய் என்று தமிழில் சொல்கிறார்கள். குடலின் கட்டமைப்பில் புண்ணோ கட்டியோ இருக்காது. ஆனால் அதன் அசைவும், அதன் உணர்ச்சியும், அதற்கும் மூளைக்கும் நடக்கிற பேச்சும் தடுமாறியிருக்கும். 2016இல் வெளியான ரோம் நான்காம் வரையறை இப்படிச் சொல்கிறது: கடந்த 3 மாதங்களில் வாரத்துக்கு ஒரு நாளாவது வயிற்றுவலி, அந்த வலி மலம் கழிப்பதோடு சம்பந்தப்பட்டோ, போகும் எண்ணிக்கை மாறியோ, மலத்தின் தன்மை மாறியோ இருக்க வேண்டும், இந்த மூன்றில் இரண்டாவது, தொல்லை தொடங்கி 6 மாதமாவது ஆகியிருக்க வேண்டும். இவ்வகை நோய்களுக்கு இப்போது மருத்துவ உலகம் வைத்திருக்கும் பொதுப்பெயர், 'குடல் மூளைத் தொடர்புக் கோளாறுகள்'.

இது அபூர்வ நோயும் அல்ல. 33 நாடுகளில் 73,000 பேருக்கு மேல் விசாரித்து 2021இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இந்தியா உட்பட வீடு வீடாகப் போய்க் கேட்ட நாடுகளில், ஏறத்தாழ 5 பேரில் ஒருவருக்கு இவ்வகைக் குடல் தொல்லைகளில் ஏதாவது ஒன்று இருந்தது. நம் சங்க விழாவில் 500 பேர் உட்கார்ந்தால், அதில் 100 பேர் பக்கத்து நாற்காலிக்காரருக்குத் தெரியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருக்கக்கூடும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மனம் வயிற்றைத் தொடுவது எப்படி?

இது கற்பனை அல்ல என்பதற்கு 200 ஆண்டுப் பழைய சாட்சி உண்டு. 1822இல் அமெரிக்காவில் மெக்கினாக் தீவில், தோல் வியாபாரக் கம்பெனியில் வேலைபார்த்த அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளைஞர் வயிற்றில் தவறுதலாகத் துப்பாக்கி வெடித்துவிட்டது. பிழைத்துக்கொண்டார், ஆனால் காயம் மூடாமல் இரைப்பைக்கு ஒரு ஜன்னல் போல நின்றுவிட்டது. ராணுவ மருத்துவர் வில்லியம் போமான்ட் அந்த வழியாக உணவை நூலில் கட்டி உள்ளே விட்டு, செரிமானத்தைக் கண்ணால் பார்த்து 1833இல் புத்தகம் எழுதினார். அவர் குறித்துவைத்த செய்திகளில் ஒன்று: அந்த மனிதர் கோபமாக இருக்கும்போது இரைப்பையின் நிலையே மாறிப்போய்ச் செரிமானம் கெட்டது.

இன்று இதன் உள் விவரம் இன்னும் நன்றாகத் தெரிகிறது. உணவுக்குழாயிலிருந்து ஆசனவாய் வரை குடல் சுவருக்குள்ளே பத்துக் கோடிக்கும் மேற்பட்ட நரம்பணுக்கள் வலைபோலப் பின்னிக் கிடக்கின்றன. மூளையைக் கேட்காமலே குடலை அசைக்க அவற்றால் முடியும். அதனால்தான் இதை இரண்டாவது மூளை என்கிறார்கள். இந்த வலையும் தலையிலுள்ள மூளையும் பேசிக்கொள்ளும் முக்கியக் கம்பி வேகஸ் நரம்பு. அதிலுள்ள இழைகளில் பெரும்பகுதி குடலிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகிறவை. மனநிலையோடு தொடர்புள்ளது என்று நாம் கேள்விப்படும் செரோட்டோனின் என்ற ரசாயனத்தில் 100க்கு 90 பங்கு குடலில்தான் இருக்கிறது.

நாம் பயந்தாலோ பதறினாலோ மூளை, உடம்பை ஓடவோ சண்டை போடவோ தயார் செய்கிறது. அந்த நேரத்தில் இரைப்பை வேலையை நிறுத்துகிறது. பெருங்குடல் வேகம் பிடிக்கிறது. பரீட்சை அன்று காலையில் பிள்ளைகள் கழிப்பறைக்கு ஓடுவது இதனால்தான். நல்ல உடம்பில் இது கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். எங்களைப் போன்றவர்களுக்குக் குடலின் உணர்வு நரம்புகள் தராசு முள்போல நுட்பமாகிவிடுகின்றன. மற்றவர்களுக்குத் தெரியாத வாயு அசைவுகூட எங்களுக்கு வலியாக ஏறுகிறது. வலி வந்தால் பயம். பயம் வந்தால் குடல் இன்னும் முறுக்குகிறது. வட்டிக்கு வட்டி போல ஏறிக்கொண்டே போகும் கணக்கு இது.

சரி, டென்ஷன்தான் நோயை உண்டாக்கியதா? அப்படிச் சொல்வது பாதி உண்மை. கனடாவில் வாக்கர்டன் என்ற சிற்றூரில் 2000ஆம் ஆண்டு மே மாதம் குடிநீரில் கிருமி கலந்து 2,000 பேருக்கு மேல் நோயுற்றார்கள். அவர்களை 8 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். அன்று வயிற்றுப்போக்கு வந்தவர்களில் பலருக்கு, கிருமி போய்ப் பல ஆண்டுகளுக்குப் பின்னும் ஐ.பி.எஸ். இருந்தது. கிருமியின் தாக்குதல் கடுமையாக இருந்தவர்களுக்கும், முன்பே மனக்கவலை இருந்தவர்களுக்கும் அது வரும் வாய்ப்பு கூடுதல். என் கல்யாண விருந்துக் கதையும் இதே ஜாதிதான். கிருமி தொடங்கி வைத்தது. கவலை அதை வளர்த்தது. ஆகவே நோயாளியைப் பார்த்து "நீயே வரவழைத்துக்கொண்டாய்" என்று சொல்வது நியாயமில்லை. "மனசுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை" என்று நோயாளி அடம்பிடிப்பதும் அவருக்கே நஷ்டம்.

நம் முன்னோர் இதை அறிந்திருந்தார்கள் என்று பெருமை பேச எனக்கு ஆசை உண்டு. அடக்கமாக ஒன்று மட்டும் சொல்கிறேன். பதினெண்கீழ்க்கணக்கில் மூன்று நூல்களுக்கு மருந்தின் பெயர்: சுக்கு, மிளகு, திப்பிலி சேர்ந்த திரிகடுகம், ஏலம் முதலான ஆறு சரக்கின் பெயரில் ஏலாதி, ஐந்து வேர்களின் பெயரில் சிறுபஞ்சமூலம். மனத்தைத் திருத்தும் நூலுக்கு உடம்பைத் திருத்தும் சரக்கின் பெயரை வைத்தவர்கள், இரண்டையும் ஒரே பெட்டியில்தான் வைத்திருந்தார்கள் என்று தோன்றுகிறது. அந்தச் சரக்கை நாற்பது ஆண்டாக விற்கிற எனக்கே வயிறு கெட்டது வேறு கதை!

நான் ஊருக்குப் போகாத மூன்று ஆண்டுகள்

இந்த நோயில் வலியைவிடப் பெரிய சுமை 'எங்கே, எப்போது வந்துவிடுமோ' என்ற நினைப்பு. வெளியூரில் வாழும் நமக்கு அது ரயில் உருவத்தில் வருகிறது. நவஜீவன் எக்ஸ்பிரஸில் சென்னைக்கு 30 மணி நேரத்துக்கு மேல் பயணம். பெட்டிக்கு நான்கு கழிப்பறை, காலையில் வரிசை. நினைத்தாலே வயிறு கலக்கும். 2013 முதல் 2016 வரை நான் ஊருக்கே போகவில்லை. அக்கா மகள் கல்யாணத்துக்கு மனைவியையும் பிள்ளைகளையும் மட்டும் அனுப்பினேன். அம்மாவிடம் போனில், "சீசன் நேரம்மா, கடையை விட்டுட்டு வர முடியல" என்று பொய் சொன்னேன். அத்தான் அதற்கப்புறம் சரியாகப் பேசவில்லை. பணம் வந்ததும் ஊரை மறந்துவிட்டான் என்று நினைத்தார்கள். அந்தப் பழி வயிற்றுவலியைவிட அதிகம் வலித்தது. ஆனாலும் உண்மையைச் சொல்ல வெட்கம்.

பெயர் சொன்ன அந்த மருத்துவரிடம் ஒருநாள் இதைச் சொன்னேன். அவர் குஜராத்திக்காரர். கடைவீதியில் எல்லோரும் சொல்வது போல "டென்ஷன் நஹி லேவானு" என்று சொல்லி அனுப்பவில்லை. "சென்னைக்குப் போக வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமை நடியாத் வரை போய்த் திரும்புங்கள்" என்றார். நடியாத் 45 கிலோமீட்டர்தான். போனேன். வயிறு கலக்கியது, ஆனால் ஒன்றும் ஆகவில்லை. அடுத்து இரண்டு முறை வடோதரா. அப்புறம் சூரத். பயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சந்தித்துப் பழக்குவது ஒரு மருத்துவ முறை என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். பயந்து ஒதுங்க ஒதுங்க மூளை 'அங்கே ஆபத்து' என்று உறுதி செய்துகொள்கிறது. போய்ப் பார்த்துத் திரும்பும் ஒவ்வொரு முறையும் அந்தக் கணக்கைத் திருத்தி எழுதுகிறது.

2016 கார்த்திகையில் ஊருக்குப் போனேன். இரண்டு நாள் கழித்து அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "இதுக்காடா மூணு வருஷம் வரலை? எனக்கும் அப்படித்தான். கல்யாணம் ஆன நாளிலிருந்து. பஸ் ஏறணும்னா முந்தின நாளே பட்டினி கிடப்பேன். இதெல்லாம் வெளியே சொல்லுவாங்களா?" என்றார். தூரத்துக் கல்யாணங்களுக்கு அம்மா ஏன் வந்ததே இல்லை என்பது எனக்கு 57 வயதில்தான் புரிந்தது. ஒரே வீட்டில் இரண்டு பேர், ஒரே நோயை ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறோம். 2018இல் அம்மா போய்விட்டார். அந்த மூன்று ஆண்டுகளை யாரும் எனக்குத் திருப்பித் தர முடியாது. நீங்களாவது சொல்லிவிடுங்கள் என்பதற்காகவே இதை அச்சில் எழுதுகிறேன்.

முதலில் செய்ய வேண்டியது

நீங்களாகவே 'எனக்கும் ஐ.பி.எஸ்.தான்' என்று முடிவு கட்டக் கூடாது. மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய தொல்லை, குடும்பத்தில் குடல் புற்றுநோய், இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் காட்ட வேண்டும். நம் நாட்டில் குடல் காசநோயையும் நினைவில் வைக்க வேண்டும். இன்னொன்று வட இந்தியாவில் வாழும் தமிழர்கள் கவனிக்க வேண்டியது: கோதுமையில் உள்ள குளூட்டன் ஒவ்வாத சீலியாக் நோய். வடக்கே அது நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில் காணப்படுகிறது. தெற்கே மிகக் குறைவு. இங்கே வந்து சப்பாத்திக்கு மாறிய குடும்பத்தில் யாருக்காவது நாட்பட்ட பேதியும் சோகையும் இருந்தால், அதற்கான ரத்தப் பரிசோதனையை டாக்டரிடம் கேளுங்கள். பரிசோதனை முடியும் வரை கோதுமையை நிறுத்த வேண்டாம். நிறுத்தினால் முடிவு சரியாக வராது.

ஆராய்ந்து, வேறு நோய் இல்லை என்று ஆனபின் அதை நம்ப வேண்டும். டாக்டர் மாற்றி டாக்டர், ஸ்கேன் மேல் ஸ்கேன் என்று அலைவதே ஒரு மன அழுத்தம்.

எனக்குக் கைகொடுத்த பழக்கங்கள்

ஒன்று, கணக்கு எழுதுவது. வியாபாரிக்கு இது சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு நோட்டில் நான்கு பத்தி: சாப்பிட்டது, தூங்கிய நேரம், அன்றைய கவலை, வயிற்றின் நிலை. நான்கு வாரம் எழுதினேன். மிளகாய்தான் எதிரி என்று நினைத்திருந்தேன். கணக்கு வேறு சொன்னது: தூக்கம் 5 மணி நேரத்துக்குக் குறைந்த மறுநாளும், மாதக் கடைசியில் பாக்கி வசூலுக்குப் போகிற நாள்களும்தான் மோசம். அதோடு, கடைவீதியில் யார் வந்தாலும் அரை டீ என்று நாளைக்கு எட்டு, பத்து போய்க்கொண்டிருந்தது. இரண்டாகக் குறைத்ததிலேயே பாதி உப்பசம் போயிற்று. நான்கு வாரத்துக்கு மேல் நோட்டைத் தொடர வேண்டாம். எப்போதும் வயிற்றையே கவனித்துக்கொண்டிருப்பதும் நோயை வளர்க்கும்.

இரண்டு, மூச்சு. நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு கையை வயிற்றில் வையுங்கள். மூக்கால் 4 எண்ணும் வரை இழுங்கள். வயிறு கையை வெளியே தள்ள வேண்டும், மார்பு தூக்கக் கூடாது. 6 எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். இப்படி நிமிடத்துக்கு 6 மூச்சு வரும். காலை 10 நிமிடம், இரவு 10 நிமிடம். வெளியே விடும் மூச்சு நீளும்போது வேகஸ் நரம்பின் கை ஓங்கி, இதயத் துடிப்பு அடங்கி, உடம்பு 'ஆபத்து இல்லை' என்று எடுத்துக்கொள்கிறது. வலி வந்தபிறகு மட்டும் செய்தால் பலன் குறைவு. கிணறு வெட்டுவது தாகம் எடுத்தபின் அல்லவே! எங்கள் வீட்டுப் பெரியவர்கள் 48 நிமிடம் அசையாமல் சாமாயிகம் உட்காருவார்கள். எனக்கு அத்தனை பொறுமை இல்லை. 10 நிமிடத்தில் தொடங்கினேன், இப்போது 20 வரை வந்திருக்கிறேன்.

மூன்று, காலை நேரம். உணவோ வெந்நீரோ இரைப்பையில் விழுந்ததும் பெருங்குடல் அசைவது இயற்கை; காலையில் அது வலுவாக இருக்கும். முன்பு 7 மணிக்கு எழுந்து 8 மணிக்கு ஓடுவேன். இப்போது 6 மணிக்கே எழுகிறேன். வெந்நீர், சிற்றுண்டி, அப்புறம் அவசரமில்லாமல் அரை மணி. மேலை நாட்டுக் கழிப்பறையில் காலுக்கடியில் ஒரு சிறு முக்காலி வைத்துக்கொண்டால் முக்கல் குறையும். 'இங்கே நம் பக்கத்துக்காரர்கள் எல்லாம் பேட் ஸாஃப், பேட் ஸாஃப்' என்று பேசுவதைக் கேட்டு, தினமும் போயே ஆக வேண்டும் என்று பேதி மருந்து சாப்பிடாதீர்கள். நாளைக்கு மூன்று முறை முதல் வாரத்துக்கு மூன்று முறை வரை எல்லாமே இயல்புதான்.

நான்கு, உணவு. நேரம் தவறாமை முதல் மருந்து. திருக்குறளில் 'மருந்து' என்று தலைப்பிட்ட 95ஆம் அதிகாரம் பெரும்பாலும் பேசுவது பசியையும் அளவையும்தான். முன்பு உண்டது செரித்ததா என்று பார்த்து உண்ணச் சொல்கிறது. பொழுது சாய்வதற்குள் சாப்பிடுவது எங்கள் குல வழக்கம். கடை அதைக் கெடுத்திருந்தது. இப்போது டிபன் கேரியரை மாலை 6 மணிக்கே கடைக்கு வரவழைத்துவிடுகிறேன். நார்ச்சத்தில் இசப்கோல் உமி நல்லது. அதன் பெரிய சந்தையே நம் குஜராத்தின் ஊஞ்சா, சித்பூர் பக்கம்தான். ஒரு தேக்கரண்டியில் தொடங்கி, நிறையத் தண்ணீரோடு, மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும். கோதுமைத் தவிடு சிலருக்கு உப்பசத்தைக் கூட்டும்.

ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தார் வகுத்த 'ஃபாட்மேப்' குறைந்த உணவு முறை ஒன்று உண்டு. வெங்காயம், பூண்டு, கோதுமை, பால், ராஜ்மா போன்ற எளிதில் நொதிக்கும் பொருள்களைச் சில வாரம் நிறுத்திவிட்டு, ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்ப்பது. எங்கள் வீட்டில் வெங்காயமும் பூண்டும் முன்பே கிடையாது. ஆகவே பாதிக் கிணறு தாண்டிவிட்டேன் என்று நினைத்தேன். பாலும் உளுந்தும் மீதி இருந்தது! இந்த முறையை உணவு ஆலோசகர் துணையோடு 4 முதல் 6 வாரமே செய்ய வேண்டும். ஆயுள் முழுவதும் பத்தியம் இருந்தால் சத்தும் குறையும், சாப்பாட்டின் மேலேயே பயமும் வந்துவிடும். அரிசிச் சோறு பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும் என்பது நமக்கு ஆறுதல். ஒன்று சொல்ல வேண்டும்: நீண்ட உபவாசமும், அடுத்த நாள் வயிறு நிறையப் பாரணையும் எனக்கு ஆகவில்லை. இப்போது அளவோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஐந்து, மனநல மருத்துவம். இதைப் படித்து முகம் சுளிக்க வேண்டாம். 1984இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் பீட்டர் வோர்வெல் என்ற மருத்துவர், மருந்துக்கு அடங்காத 30 நோயாளிகளைச் சோதித்து, குடலை மையமாக வைத்த அறிதுயில் சிகிச்சை நல்ல பலன் தருவதைக் காட்டினார். ஓராண்டு மருந்துக்கும் கேட்காதவர்களுக்கு உளவியல் சிகிச்சையைக் கருதலாம் என்று பிரிட்டனின் அரசு வழிகாட்டி 2008இலேயே சொல்லிவிட்டது. 2023இல் அங்கே 463 பேரிடம் நடந்த ஆய்வில், மனச்சோர்வுக்குக் கொடுக்கும் அமிட்ரிப்டிலின் என்ற பழைய மருந்து மிகக் குறைந்த அளவில், அதாவது 10 முதல் 30 மில்லிகிராமில், ஐ.பி.எஸ். தொல்லையைக் குறைத்தது. டாக்டர் அதை எழுதிக் கொடுத்தால் 'என்னைப் பைத்தியம் என்கிறார்' என்று சீட்டைக் கிழிக்காதீர்கள். குடல் நரம்பின் கூச்சத்தைக் குறைக்கத்தான் கொடுக்கிறார். நீங்களாக வாங்கிச் சாப்பிடவும் கூடாது. மொழி தெரியாத ஊரில் மனக்கவலையை யாரிடம் சொல்வது என்பவர்களுக்கு ஒரு வழி: மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மனஸ் உதவி எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம்.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை

நோயாளியிடம் "டென்ஷன் ஆகாதே" என்று சொல்வதால் யாருக்கும் டென்ஷன் குறைந்ததில்லை. "இன்னும் ஒரே ஒரு தோசை" என்று வற்புறுத்தாதீர்கள். வெளியே கிளம்பும்போது அவர் இரண்டாம் முறை உள்ளே போனால் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். பரீட்சை நாளில் பிள்ளை வயிறு வலிக்கிறது என்றால் 'நடிக்கிறான்' என்று முடிவு கட்டாமல், வலி மெய்தான் என்று எடுத்துக்கொண்டு, கூடவே பயத்தையும் விசாரியுங்கள். பெண்களின் நிலை இன்னும் கஷ்டம். வேலை இடத்திலும் பயணத்திலும் வசதி இல்லாமல் அடக்கி அடக்கியே பழகியிருப்பார்கள். என் அம்மாவைப் போலச் சொல்லவும் மாட்டார்கள். நாமே கேட்டால்தான் உண்டு.

இன்னும் நோய் போகவில்லை, ஆனாலும்...

நான் குணமாகிவிட்டேன் என்று சொல்லவில்லை. 2019இல் ஏலக்காய் விலை தாறுமாறாக ஏறி, ஆகஸ்டு மாதத்தில் ஓர் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. பழைய விலைக்கு வாக்குக் கொடுத்துவிட்டுச் சரக்குக்கு அலைந்தவர்களில் நானும் ஒருவன். வயிறு பழைய கணக்கையெல்லாம் வட்டியோடு எடுத்து நீட்டியது. ஆனால் இந்த முறை எனக்கு விவரம் தெரிந்திருந்தது. புதிய நோய் வந்துவிட்டதோ என்று ஸ்கேனுக்கு ஓடவில்லை. டீயைக் குறைத்தேன், மூச்சைக் கூட்டினேன், டாக்டரைப் பார்த்தேன். முக்கியமாக, நஷ்டத்தையும் வயிற்றையும் மனைவியிடம் மறைக்கவில்லை. ஆறு வாரத்தில் அடங்கிற்று. முன்பு ஆறு மாதம் ஆகும்.

இப்போது ஆண்டுக்கு இரண்டு முறை ஊருக்குப் போகிறேன். கழிப்பறைக்குப் பக்கத்துப் பெட்டியில் கீழ்ப் படுக்கை, வீட்டுத் தயிர்சோறு, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், டாக்டர் கொடுத்த மாத்திரை, மாற்று வேட்டி ஒன்று, இவ்வளவும் பையில் இருக்கும். பெரும்பாலும் மாத்திரையை எடுப்பதில்லை; இருக்கிறது என்ற தைரியமே போதும். போன பொங்கலுக்கு அத்தானும் நானும் ஒரே பெட்டியில் திரும்பினோம். விடியற்காலை நான் மூன்றாம் முறை எழுந்தபோது, தூக்கக் கலக்கத்தில், "மெதுவா போய்ட்டு வாப்பா, சீட்டை நான் பாத்துக்கறேன்" என்றார்.

அன்பர்களே, இந்த மலரை வீட்டில் எல்லோரும் படிக்கும் இடத்தில் வையுங்கள். இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு உங்கள் வீட்டில் யாராவது ஒருவர், "எனக்கும் அப்படித்தான்" என்று வாய் திறந்தால், நான் எழுதியதற்குப் பலன் கிடைத்துவிட்டது.